பொது வீட்டில் ஓய்வுநாள்

பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம். பொது வீடு என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் வயல்வெளிப் பாதைகளில் இரண்டு மூன்று மைல் நடந்துவந்து, அப்படியொரு பொது வீட்டில் வறுத்த இறைச்சியும் உருளைக்கிழங்கும் யார்க்‌ஷயர் புட்டிங்குமாக, எழுந்து போகும் எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். இவர்கள் கடவுளுக்குரிய நாளை வீணாக்குகிறார்கள் என்று சொன்ன பக்தர்கள் பலர் உண்டு. நான் மறுபக்கம் நிற்கிறேன். அவசரமின்றி, முன்பின் அறியாதவரோடும் ஒரே மேசையில் உண்டு பேசியிருப்பது ஓய்வுநாளை மீறுவதாகாது. ஓய்வுநாள் எதற்காக ஏற்பட்டதோ அதற்கு மிக நெருங்கிய காரியம் அது.

வழிபாட்டிடமும் பொது வீடும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் பிற்காலத்தது. இடைக்கால இங்கிலாந்தில் ஊர்த் தேவாலயங்களே பீர் காய்ச்சி விருந்து நடத்தி, வந்த பணத்தில் கட்டடத்தைப் பழுதுபார்த்தன. அந்த விருந்துக்குச் சர்ச் ஏல் என்று பெயர். இன்றும் பல பப்களின் வாசற்பலகையில் இருக்கும் குறுக்குச் சாவிகள் பேதுருவின் சின்னம். கொடி ஏந்திய ஆட்டுக்குட்டி கிறிஸ்துவின் சின்னம். கவிஞர் சாசரின் கேன்டர்பரிக் கதைகளில் யாத்திரிகர்கள் கூடுமிடம், தேம்ஸின் தென்கரையில் சதர்க்கிலிருந்த டபார்டு சத்திரம். கதைப் போட்டிக்கு யோசனை சொல்பவர் சத்திரக்காரர். பரிசு என்ன தெரியுமா? திரும்பி வந்ததும் அதே சத்திரத்தில் மற்றவர்கள் செலவில் ஓர் இராச்சாப்பாடு. புனிதத் தலத்துக்குப் போகும் வழியில் போர்வீரப் பிரபுவும் மாவரைப்பவனும் ஒரே கூட்டத்தில் கதை சொல்லும் உரிமை பெற்றது தேவாலய வாசலில் அல்ல, ஒரு சாப்பாட்டு மேசையில்தான்.

இறையியலும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தம் சும்மா தியாலஜிக்கா நூலில் விளையாட்டையும் நகைப்பேச்சையும் பற்றித் தனியே ஆராய்கிறார். சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்த நற்செய்தியாளர் யோவானைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்கள். ஓயாமல் அம்பு தொடுத்தால் வில் முறிந்துபோகாதா என்பது அவர் அவர்களுக்குப் புரியவைத்த நியாயம். இந்தப் பழங்கதையை எடுத்துக்கொண்ட அக்வினாஸ், அளவான களிப்பை ஒரு நற்பண்பாகவே வைக்கிறார். அதோடு நிற்கவில்லை. தானும் மகிழாமல், பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாக இருப்பது குற்றம் என்கிறார். ஆனால் வில்லின் கதை எனக்கு முழுதாகப் போதவில்லை. மறுபடி எய்வதற்காகவே தளர்த்துகிற வில்லில் ஓய்வு உழைப்புக்கு வேலைக்காரனாகிவிடுகிறது. எந்தப் பயனும் கேட்கப்படாமல் மனிதன் மனிதனாக இருக்கும் நேரம் என்றல்லவா ஓய்வுநாளைச் சொல்ல வேண்டும்? நற்செய்தியின் இயேசு ஆகாதவர்களோடெல்லாம் பந்தியில் உட்கார்ந்து, பெருந்தீனிக்காரர், குடிகாரர் என்ற பழியையும் வாங்கிக்கொண்டார். அந்தப் பந்திகளால் என்ன பயன் என்று அவர் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

குடியால் குடும்பங்கள் அழிகின்றனவே என்று கேட்பவர்களை ஒதுக்கிவிட முடியாது. வள்ளுவரும் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வைத்ததுபோல் கள்ளுண்ணாமைக்கும் ஒன்று வைத்தார். இங்கிலாந்தில் 1830இல் வந்த பீர் சட்டம், இரண்டு கினி கட்டணம் செலுத்திய எவரும் பீர் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 1832இல் பிரஸ்டன் நகரில் ஜோசப் லைவ்சியும் தோழர்களும் மதுவை அறவே தொடுவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார்கள். கூலி வீடு வந்து சேராத குடும்பங்களைக் கண்டவர்கள் அவர்கள். அவர்களை வறட்டுப் பக்தர்கள் என்று தள்ளுவது அநியாயம். ஆயினும் என் வாதம் கோப்பையைப் பற்றியதல்ல, மேசையைப் பற்றியது. எலுமிச்சைச் சாறோடு உட்கார்ந்திருப்பவருக்கும் அது அப்படியே பொருந்தும்.

காசு கொடுத்து உண்பது விருந்தாகுமா என்பது இன்னொரு கேள்வி. வீட்டு விருந்தில் அழைக்கப்பட்டவருக்கே இலை. உறவில்லாதவருக்கும் வழிப்போக்கருக்கும், யாருக்கும் கடன்படாமல் உட்காரும் உரிமையைத் தருவது அந்தக் காசு. இந்த உரிமையும் எல்லாருக்கும் தானாக வந்துவிடவில்லை. கறுப்பினத்தவரைப் பப்களும் உணவகங்களும் திருப்பி அனுப்புவதைப் பிரிட்டனில் சட்டவிரோதமாக்க 1965இன் இன உறவுச் சட்டம் வேண்டியிருந்தது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை கண்ட நமக்கு, ஒரே மேசை என்பதன் எடை விளங்காமல் இராது.

என்னை உண்மையில் தடுத்து நிறுத்தும் ஆட்சேபம் வேறொன்று. நான் ஓய்வாக உட்கார, யாரோ நிற்க வேண்டும். வேல்ஸில் 1881ஆம் ஆண்டுச் சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் பப்களை மூடியது; 1961க்குப் பின் உள்ளூர் வாக்கெடுப்புகள் ஒவ்வொரு பகுதியாகத் திறந்துவிட்டன. அந்தப் பூட்டை மூடபக்தி என்று மட்டும் நான் பார்க்க மாட்டேன். யாத்திராகமத்தின் ஓய்வுநாள் கட்டளை எசமானோடு முடியவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, வாசலுக்குள் வந்த அந்நியன் வரை பட்டியலிடுகிறது. அந்தக் கணக்குப்படி, பரிமாறுபவருக்கு வாரத்தில் வேறொரு முழுநாள் விடுப்பும், அந்நாளில் இதேபோல் எங்காவது உட்காரப் போதுமான கூலியும் இருந்தால்தான் என் ஞாயிறு ஓய்வுநாளாகும். இல்லையென்றால் அது நான் வாங்கிய வசதி, அவ்வளவுதான்.

உயிர்த்தெழுந்த இயேசுவை எம்மாவு ஊரில் இருவர் உணவு மேசையில்தான் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்கிறது லூக்கா. ஓவியர் கரவாஜியோ 1601இல் அதைத் தீட்டியபோது சத்திரக்காரரைப் பக்கத்தில் நிற்கவைத்தார். நடப்பது அவருக்கு விளங்கவில்லை. டப்ளின் தேசிய ஓவியக்கூடத்தில் இளவயது வெலாஸ்கெஸின் படம் ஒன்று இருக்கிறது. முன்னால் பாத்திரங்களுக்கு நடுவே குனிந்து நிற்கும் சமையற்காரப் பெண். வேறொன்றுமில்லாத அடுக்களைக் காட்சி என்றே அதை நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1933இல் படத்தைச் சுத்தம் செய்தபோது பின்சுவரின் திறப்பு வழியே எம்மாவு மேசை வெளிப்பட்டது. அதை நோக்கித்தான் அவள் காதைச் சாய்த்திருக்கிறாள். கை மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது.