சுபம் போடலாமா?

இ. எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1913இல் எழுதத் தொடங்கி அடுத்த ஆண்டே முடித்துவிட்டார். அது அச்சேறியது 1971இல், அவர் இறந்த மறு ஆண்டு. அதுவரை கைப்பிரதி நெருங்கிய நண்பர்களிடையே மட்டும் கைமாறிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்களின் காதலை எழுதியதுதான் அந்த நாவல் செய்த குற்றம் என்று நினைத்தால் அது பாதிதான் சரி. கதை முடிவில் ஒருவன் தூக்கில் தொங்கியிருந்தாலோ, இருவரும் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாலோ, புத்தகத்தை வெளியிடுவதில் பெரிய சிக்கல் இருந்திருக்காது என்று 1960இல் எழுதிய பின்குறிப்பில் ஃபார்ஸ்டரே சொல்கிறார். தண்டனை ஏதுமில்லாமல் தப்பித்து, சேர்ந்து வாழப் போய்விட்டார்களே, அதுதான் வினையாயிற்று.

இன்று நிலைமை தலைகீழ். ஆங்கிலத்தில் வரலாற்றுக் காதல் நாவல் என்ற பெருஞ்சந்தைக்குள் ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகளுக்கென்றே தனி வாசகர் கூட்டம் இருக்கிறது. பிரபுக்களும் நடன விருந்துகளும் குதிரை வண்டிகளும் நிறைந்த 1810களின் லண்டன் இவற்றுக்கு மிகவும் பிடித்த களம். கடைசிப் பக்கத்தில் 'சுபம்' விழுந்தாக வேண்டும் என்பது அந்த வகையின் எழுதப்படாத சட்டம். அப்படி எழுதுவது அறமா? உண்மையில் கழுத்தில் கயிறு விழுந்த காலத்தின்மேல் மாலை மாற்றும் காட்சியை வரைவது, இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா?

துரோகம் என்பவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்கலாம். எட்டாம் ஹென்றி காலத்தில், 1533இல் ஆண்களுக்கிடையேயான உறவுக்கு வந்த மரண தண்டனை 1861இல்தான் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து நீங்கியது. சட்டம் ஏட்டளவில் கிடக்கவில்லை. 1810இல் லண்டன் வீர் தெருவில் இருந்த 'வெள்ளை அன்னம்' என்ற மதுக்கடையில் போலீஸ் நுழைந்து ஆண்களைப் பிடித்தது. அவர்களில் ஆறு பேரை அதே ஆண்டு செப்டம்பரில் ஹேமார்க்கெட்டில் தண்டனை மரத்தில் கழுத்தும் கையும் மாட்டி நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். மீன் குடலும் செத்த பூனையும் அழுகிய முட்டையும் செங்கல்லும் பறந்தன. எறிவதற்கான பொருட்களை அங்காடிப் பெண்கள் கூடையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாவல்களில் பிரபுக்கள் வால்ட்ஸ் ஆடும் மேஃபேர் மாளிகைகளிலிருந்து அந்த இடம் நடந்து போகும் தூரம்தான்.

அதைவிடக் கொடியது 1835ஆம் ஆண்டு வழக்கு. சதர்க் பகுதியில் வில்லியம் போனில் என்ற முதியவர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அவரைப் பார்க்க ஆண்கள் ஜோடி ஜோடியாக வந்துபோவதில் வீட்டுக்காரருக்குச் சந்தேகம். ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் அவர் பக்கத்துக் குதிரைலாயத்தின் மேல்தளத்தில் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு மனைவியும் அவரும் மாறி மாறிச் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தார்கள். பிறகு கதவை உடைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித். முன்னவர் குதிரை பராமரிக்கும் வேலைக்காரர், மனைவியும் பிள்ளைகளும் உள்ளவர். பின்னவர் கூலித் தொழிலாளி. நவம்பர் 27 அன்று நியூகேட் சிறை வாசலில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். அறையின் குடியிருப்பாளர் போனிலைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியப் பக்கம் அனுப்பினார்கள், அவர் திரும்பவில்லை. இக்குற்றத்துக்காக இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்ட கடைசி இருவர் பிராட்டும் ஸ்மித்தும். அதே நவம்பரில் சிறையைச் சுற்றிப் பார்க்க வந்த இளம் நிருபர் ஒருவர் இந்த இருவரையும் கண்டு, பெயர் சொல்லாமல் எழுதி வைத்தார். அந்த நிருபர் சார்லஸ் டிக்கன்ஸ்.

இதைப் படித்த கையோடு ஒரு பிரபுவும் அவர் அந்தரங்கச் செயலரும் கிராமத்து மாளிகையில் ஆயுள் முழுக்க நிம்மதியாக வாழ்ந்தார்கள் என்று முடியும் நாவலை எடுத்தால், நெஞ்சு கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் அந்த உறுத்தலை அப்படியே தீர்ப்பாக எழுதிவிட முடியாது. பிராட்டைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? அவர் மாட்டிக்கொண்டதால். நீதிமன்றப் பதிவேடு என்பது பிடிபட்டவர்களின் வரலாறு. பிடிபடாமல் நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்களால் 'நண்பர்கள்' என்று அழைக்கப்பட்டு, கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டுச் செத்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இருக்கவும் கூடாது, அதற்காகத்தானே எரித்தார்கள். ஆக, தூக்குமேடை மட்டுமே உண்மை, நிம்மதி வெறும் கற்பனை என்று சொல்பவர் அறியாமலே போலீஸ்காரரின் குறிப்பேட்டை வைத்து ஒரு காலத்தின் முழு வாழ்வையும் அளக்கிறார்.

தப்பித்தவர்களில் தெரிந்த ஜோடியும் உண்டு. எட்வர்ட் கார்ப்பென்டர் கேம்பிரிட்ஜில் படித்து, மதகுரு பதவியை உதறி, டெர்பிஷர் மாவட்டத்தில் மில்தார்ப் என்ற சிற்றூரில் தோட்டம் போட்டு வாழ்ந்த சோஷலிஸ எழுத்தாளர். (கேம்பிரிட்ஜ் நாட்களில் இருந்தே அவருக்கு நண்பர் இலங்கையின் பொன்னம்பலம் அருணாசலம். அவர் அழைப்பில் 1890இல் இலங்கை வந்து, ஒரு தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டு, அதை ஒரு பயண நூலாகவும் எழுதினார்.) ஊர் திரும்பியதும் 1891இல் ரயிலில் ஜார்ஜ் மெரிலைச் சந்தித்தார். மெரில் ஷெஃபீல்டின் சேரிப் பகுதியில் வளர்ந்தவர், படிப்பில்லாதவர். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு ஆண்களோடு உறவு வைத்ததற்காகச் சிறை சென்ற 1895ஆம் ஆண்டின் பீதியில் கார்ப்பென்டரின் பதிப்பாளர் நூல் வெளியிடுவதிலிருந்து பின்வாங்கினார். அந்தப் பீதி அடங்குமுன்னே, 1898இல், மெரில் மில்தார்ப்புக்கு வந்து சேர்ந்தார். 1928இல் மெரில் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் சேர்ந்தே இருந்தார்கள். மறு ஆண்டு கார்ப்பென்டர் போனார். இருவரும் ஒரே கல்லறையில் கிடக்கிறார்கள். ஃபார்ஸ்டருக்கு 'மாரிஸ்' எழுதும் எண்ணம் பிறந்ததே 1913இல் மில்தார்ப் வீட்டுக்குப் போனபோதுதான். நடக்க முடியாத முடிவு என்று பலர் நினைத்ததை அவர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதினார்.

ஆகவே சுபமுடிவு பொய் அல்ல. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம்: அரை நூற்றாண்டுக்கு மேல் அச்சுலகம் அனுமதித்த ஒரே முடிவு சாவுதான் என்றால், அந்தச் சாவும் தணிக்கை அதிகாரியின் கை பட்ட கற்பனையே. இரண்டு ஆண்களின் காதல் சாவில் முடியும் 'ப்ரோக்பேக் மவுன்டன்' சிறுகதையை எழுதிய ஆனி ப்ரூ, வாசகர்கள் தன் கதையின் முடிவை மாற்றி நல்லபடி முடித்து எழுதித் தனக்கே அனுப்புவதாகச் சலித்துக்கொண்டது உண்டு. எழுத்தாளராக அவர் எரிச்சல் புரிகிறது. 1960களின் வயோமிங் மாநிலத்தில் தொடங்கும் அவர் கதை அப்படித்தான் முடியும். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகத் தன்னைப் போன்றவர்கள் கடைசி அத்தியாயத்தில் சாவதையே படித்து வளர்ந்தவன் பேனாவை எடுத்தால், அதைக் கேலி செய்ய மனம் வரவில்லை.

பெண்கள் இந்தக் கதைகளை எழுதலாமா என்ற கேள்வியும் அடிக்கடி எழும். இங்கிலாந்தில் தன்பாலீர்ப்பு குற்றமாக இருந்த 1953லேயே 'தி சாரியட்டியர்' நாவலை வெளியிட்டவர் மேரி ரெனால்ட் என்ற பெண். பல ஆண்கள் எழுதத் துணியாததை அவர் எழுதினார். இந்த விவாதத்துக்கு அதுவே போதும்.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. முடிவில் இல்லை, நடுவில் இருக்கிறது. தடை என்பது இந்தக் கதைகளில் பெரும்பாலும் காரம். கதவு தட்டப்படும் ஓசை, படபடப்பு, கிசுகிசுப்பு, மாட்டினால் தூக்கு என்று ஒருவன் முணுமுணுக்க, மற்றவன் இன்னும் நெருங்கி வருவான். வாசகருக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் இந்த நாவல்களில் யாரும் தூக்கில் தொங்குவதில்லை. தொங்கக்கூடிய ஆள் கதைக்குள்ளேயே வருவதில்லை. பிராட்டுக்கும் ஸ்மித்துக்கும் நேர்ந்ததை வாசகரின் கிளுகிளுப்புக்கு ஊறுகாயாகத் தொட்டுக்கொள்வது என்பதுதான் இங்கே உண்மையில் கூசவேண்டிய செயல்.

அந்த ஆபத்து யார்மேல் விழுகிறது என்பதைப் பிராட் வழக்கைக் கண்ட ஒருவரே அன்றே உணர்ந்திருந்தார். அவர்களை விசாரணைக்கு அனுப்பிய மாஜிஸ்திரேட் ஹென்ஸ்லி வெட்ஜ்வுட், மரண தண்டனையைக் குறைக்கும்படி உள்துறைக்குக் கடிதம் எழுதினார். இந்த ஒரு குற்றத்தில்தான் எவருக்கும் தீங்கு நேர்வதில்லை என்றார். பணக்காரர்களும் இதைச் செய்கிறார்கள், ஆனால் தனியிடம் வாங்கப் பணம் இருப்பதால் பிடிபடுவதேயில்லை என்றார். அதே மனிதர் அந்த இருவரையும் இழிந்த பிறவிகள் என்றும் எழுதியவர்தான். வெறுப்போடு இருந்தவருக்கே தெரிந்த கணக்கு இது: பூட்டும் சாவியும் உள்ளவன் காதலிக்கலாம், வாடகை அறையின் சாவித் துவாரத்தை நம்பியவன் சாவான்.

காதல் நாவல்களில் நாயகன் ஏன் பெரும்பாலும் பிரபுவாகவே இருக்கிறான் என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. அவனால்தான் பிழைக்க முடியும். அந்தப் பிழைப்பைக் காதலின் வலிமை என்று எழுதும்போதுதான் பொய் தொடங்குகிறது. அது காதலின் வலிமை அல்ல, சொத்தின் வலிமை. ஃபார்ஸ்டர் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பங்குத்தரகர் மாரிஸும் வேட்டைக்காட்டுக் காவலாள் ஆலெக் ஸ்கடரும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சந்திக்கும் காட்சியில், காதலும் மிரட்டிப் பணம் பறிக்கும் எண்ணமும் ஒரே பேச்சில் கலந்து வருகின்றன. ஏழைக்கு வேறு ஆயுதம் கிடையாது; பணக்காரனுக்கு நம்பக் காரணம் கிடையாது. கடைசியில் இருவருமே இழக்கிறார்கள். ஆலெக் அர்ஜென்டினா போகும் கப்பலை விடுகிறான். மாரிஸ் வேலையையும் குடும்பத்தையும் வகுப்பையும் விடுகிறான். விலை கொடுத்து வாங்கிய மகிழ்ச்சி என்பதால்தான் அந்த முடிவை ஏற்க முடிகிறது.

இன்னொரு கணக்கும் தீர்க்கப்படாமல் கிடக்கிறது: மனைவியின் கணக்கு. பிராட்டின் மனைவி எப்படி வாழ்ந்தார் என்று இந்தக் காதல் நாவல்கள் கேட்பதில்லை. வைல்டின் மனைவி கான்ஸ்டன்ஸ் பெயரை ஹாலண்ட் என்று மாற்றிக்கொண்டு, இரண்டு மகன்களோடு நாட்டைவிட்டே போய், 1898இல் ஜெனோவாவில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். மகன்களை வைல்டு மறுபடி பார்க்கவேயில்லை. காதல் நாவல்கள் இந்தப் பெண்ணை மூன்று வழிகளில் அப்புறப்படுத்துகின்றன. கதை தொடங்குமுன் பிரசவத்தில் சாகடிக்கலாம். கொடுமைக்காரியாக்கி வாசகரின் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தலாம். அல்லது அவளுக்கும் ஒரு ரகசியக் காதலரைக் கொடுத்து, 'எனக்கு எல்லாம் தெரியும், போய் வாருங்கள்' என்று சிரிக்க வைக்கலாம். மூன்றும் வசதிக்காகச் செய்தவை. அந்தக் காலச் சட்டம் கணவனைப் பொய் சொல்ல வைத்தது என்பது உண்மைதான். அந்தப் பொய்யின் பாரத்தைச் சுமந்தவள், அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கப்படாத இன்னொருத்தி என்பதும் அதே அளவு உண்மை. 'மாரிஸ்' நாவல் காதலர்களோடு முடிவதாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது முடிவது, மாரிஸை முன்பு காதலித்துக் கைவிட்ட கிளைவ் தன் மனைவி ஆனிடமிருந்து எல்லாவற்றையும் எப்படி மறைப்பது என்று யோசித்தபடி வீட்டுக்குள் போவதில். சுபத்தின் நிழல் யார்மேல் விழுகிறது என்று ஃபார்ஸ்டருக்குத் தெரிந்திருந்தது.

வயதையும் அதிகாரத்தையும் பற்றியும் இதே கண்டிப்பு வேண்டும். ரெனால்டின் 'தி பெர்ஷியன் பாய்' நாவலில் பேரலெக்சாந்தரைக் காதலிக்கும் பகோவாஸ், விதையடிக்கப்பட்டு விற்கப்பட்ட அடிமைச் சிறுவன். நாவல் அழகானது. ஆனால் அவன் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியைக் கதைசொல்லியின் பக்தி மூடிவிடுகிறது. மறுக்க முடியாதவனின் சம்மதத்தைக் காதல் என்று எழுதினால், தடைச் சட்டம் போட்டவர்கள் சுமத்திய பழிக்கு நாமே சாட்சி கொடுத்தது போல ஆகிவிடும்.

இவ்வளவும் கேட்பது நாவலாசிரியர்மேல் பாரம் ஏற்றுவதற்காக அல்ல. வரலாற்றின் ஆபத்தை எடுத்துக்கொள்பவர், அது யார்மேல் இறங்கியது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். குதிரைக்காரனுக்கும் மனைவிக்கும் கதையில் ஓர் இடம் கொடுத்துவிட்டு, அதன்பின் தாராளமாகச் சுபம் போடலாம்.

இந்தத் தடை இறந்தகாலம் என்ற நம்பிக்கையில்தான் அது காரமாக ருசிக்கிறது. இங்கிலாந்து 1967இல் சட்டத்தைத் தளர்த்தியது. தன்பாலுறவைக் குற்றமாக்கி அது இந்தியாவுக்குத் தந்துவிட்டுப் போன 377ஆம் பிரிவின் பிடியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அகற்றியது. அருணாசலம் வாழ்ந்த இலங்கையில், ஆங்கிலேயர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. அங்கே எழுதப்படும் இப்படியொரு கதையை வரலாற்று நாவல் என்று வகைப்படுத்த முடியாது.