அனர்த்த தண்டமும் மின்விளக்கும்



சென்ற தசலட்சண பர்வத்தில், பதினோராம் வகுப்புப் பயிலும் என் பேத்தி ஒரு வினா எழுப்பினாள்: “பாட்டி, நீரை வடிகட்டிப் பருகுகிறோம், பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. ஆளில்லாத அறையில் விளக்கு எரிவது மட்டும் இம்சை ஆகாதோ?”

மின்சாரம் தேயுகாய உயிரா என்னும் வாதத்துள் நான் புகவில்லை. ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், பயனின்றி நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை வருத்துதலைப் பிரமாத சரியை என்பார். இல்லறத்தார் விலக்க வேண்டிய அனர்த்த தண்டம் ஐந்தனுள் அதுவும் ஒன்று. வீணே எரியும் நம் விளக்கில் இந்நான்கும் நிகழ்கின்றன. ஒடிசாவில் நிலத்தை அகழ்ந்தெடுத்த நிலக்கரி, அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையத்துக்குக் கப்பலில் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரி எரிகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகிறது. புகை காற்றில் கலக்கிறது. நீரில் கரைத்துக் குழாய்வழி அனுப்பிய சாம்பல் கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தது. இறாலும் நண்டும் வாழ்ந்த சேறு அதனடியில் மறைந்தது. அவை திரச உயிர்கள் அல்லவா? நாம் வலை வீசியதில்லை. ஆயினும் அவற்றின் அழிவில் நமக்கும் பங்குண்டு.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. அதன் புகைபோக்கி தெரியும் வகுப்பறையில், “நிலக்கரியின் பயன்கள்” என்று கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதியவள் நான். ஒருநாளேனும் மாணவரைச் சன்னலுக்கு வெளியே பார்க்கச் சொன்னதில்லை.

நம்மவர் பலருக்குப் பூர்விகமான திருவண்ணாமலை மாவட்டத்தில், வினிஷா உமாசங்கர் என்னும் பள்ளி மாணவி, துணி தேய்ப்பவர் எரிந்த கரியைத் தெருவில் கொட்டுவதைக் கண்டார். கண்டதோடு நில்லாமல், சூரிய ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். ஐந்து மணி நேர வெயில் இருந்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். அதே கரித்துண்டுகளை நானும் எழுபது ஆண்டுகளாகத் தாண்டி நடந்திருக்கிறேன்!

என் பேத்தி ஒரு மாதம் மீட்டர் அளவை நாள்தோறும் குறித்து வந்தாள். இப்போது இரண்டு கேட்கிறாள். ஒன்று, மொட்டைமாடியில் சூரியத் தகடு. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மீதிச் செலவை எண்ணி என் மகன் தயங்குகிறான். மற்றொன்று, மகாவீரர் ஜெயந்திக்கு வாசலில் சீரியல் விளக்கு வேண்டாம் என்பது. இதற்குக் காசு தேவையில்லை. இதற்குத் தயங்கியவள் நானே. அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பரோ என்று.

அவளோ விளக்குச் சரத்தைச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள்.