ஐயம் குற்றமாகுமோ?

“தப்பு செய்யாதவனுக்குச் சட்டத்தைப் பார்த்து என்ன பயம்?” இவ்வினாவைச் சென்ற ஞாயிறன்று பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையோரத்துத் தேநீர்க்கடை ஒன்றில், பெரியவர் ஒருவர் வாயிலாகக் கேட்டோம். முன்னாளில் இரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். எதிரே உயர்ந்து நின்ற அடுக்குமாடிகளைக் கையால் சுட்டிக் காட்டி, “நாடு அமைதியா இருந்ததாலேதான் தம்பி இதெல்லாம் வந்தது. நாலு பேரைப் பிடிச்சு உள்ளே போட்டா என்ன குறைஞ்சிடும்?” என்றார். நாம் மறுமொழி கூறவில்லை. அவர் வயதிற்குக் காட்டிய மரியாதை ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பெரியவர் சொல்லை எள்ளி நகையாடுதல் எளிது. நாம் அதனைச் செய்யோம். குடிகளின் உயிரைக் காவாத அரசு இருந்தென்ன, போயென்ன? 2019 ஏப்ரல் 21இல், ஈஸ்டர் ஞாயிறன்று, இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடித்து இருநூற்றைம்பது பேருக்கு மேல் மாண்டனர். முன்னெச்சரிக்கை கிடைத்தும் அதிகாரிகள் வாளா இருந்தனரே என்பது அந்நாட்டு மக்களின் ஆறாத மனக்குறை. ஆகவே நாளை நிகழவிருக்கும் தீங்கை இன்றே தடுத்தல் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. தடுப்பவன் கையில் எவ்வளவு அதிகாரத்தைக் கொடுப்பது, அவன் தவறினால் எந்த வாயிலில் நின்று முறையிடுவது என்பதே நம் வினா.

இந்நாட்டுத் தமிழர் இதனை ஏட்டில் மட்டும் கற்றவரல்லர். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயாக் கூட்டரசு முழுவதும் நெருக்கடி நிலை விரிந்தது. அதன்கீழ்ப் பிறந்த விதிகள், விசாரணையின்றி ஒருவனை அடைத்து வைக்கவும், துப்பாக்கியுடன் பிடிபட்டவனைத் தூக்கிலிடவும் இடமளித்தன. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி அவ்விதிகளின்கீழ் 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு மன்றாடியும் பயனில்லை. அச்சிறையின் மதில் 2010இல் இடிபடத் தொடங்கியது. இன்று பழைய வாயில் ஒன்று மட்டும் நிற்க, சுற்றிலும் அங்காடிகள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து அவ்விடம் நெடுந்தொலைவும் இல்லை.

அக்காலத்திலேயே சாம்பசிவம் என்னும் தமிழர்மீது ஜொகூரில் இரு குற்றங்கள் சாட்டப்பட்டன. துப்பாக்கி ஏந்தியது ஒன்று. தோட்டா வைத்திருந்தது மற்றொன்று. தோட்டாக் குற்றத்தினின்று அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றத்திற்கு மறுவிசாரணை நடந்து மரண தண்டனை வந்தது. அம்மறுவிசாரணையில், துப்பாக்கி, தோட்டா இரண்டையும் அவர் ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலம் வைக்கப்பட்டது. ஆனால் தோட்டாவைப் பொறுத்தவரை அவர் குற்றமற்றவர் என்று ஒரு மன்றம் முன்னரே கூறிவிட்டது என்பதை, நீதிபதியோடு அமர்ந்து கருத்துரைத்த அசெசர்களுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. 1950இல் இலண்டன் பிரிவி கவுன்சில் இதனைக் கண்டு தண்டனையைத் தள்ளிற்று. ஒருவன் குற்றமற்றவன் என்று ஒருமுறை தீர்ப்பாகிவிட்டால், அது முற்றமுடிந்த முடிபு என்றது. கயிற்றின் கீழ் நின்ற ஒருவரை அன்று பிழைப்பித்தது யார் இரக்கமும் அன்று. சான்றை மன்றில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற வறண்ட விதி ஒன்றே.

இவையெல்லாம் வெள்ளையன் கற்பித்த பாடம், கீழ்நாட்டார்க்கு ஒவ்வாதவை என்பாரும் உளர். நாம் ஆங்கிலப் பள்ளியில் 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டாவை மனப்பாடம் செய்தவரே. ஆயினும் அதற்கு நெடுநாள் முன்னரே நம் சிலப்பதிகாரம் இவ்வழக்கை விசாரித்துவிட்டது. மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்த அற்புதத்தைப் பேசி மகிழ்வோர் மகிழட்டும். நமக்கு அது வேண்டா. பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பி, வினவாமல், ஒருவனைக் கொல்வித்தான் மன்னன். கண்ணகி அரண்மனைக்குச் சென்றாள். காவலன் உள்ளே விட்டான். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, தானே கள்வன் என்று மன்னன் உணர்ந்து வீழ்ந்தான். கோவலனுக்கு அது பயன்படவில்லை என்பது மெய். ஆனால் பிழையைப் பிழை என்று நிறுவ ஒரு சான்றும், அதனைக் காட்ட ஒரு வாயிலும், கேட்டு நாணுவதற்கு ஒரு மன்னனும் அவளுக்குக் கிடைத்தனர்.

1960இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிபட்டவன் மனைவிக்கு அவ்வாயில் எங்கே இருந்தது? அறுபது நாள் போலீஸ் காவல். பின்னர் அமைச்சரின் கையெழுத்தில் ஈராண்டு. அது முடிந்தால் மீண்டும் ஈராண்டு. அமைச்சரின் ஐயத்திற்குத் தக்க காரணம் உண்டா என்று நீதிமன்றம் கேட்கலாமா? போர்க்காலத்து இலண்டனில் 1941இல் இவ்வினா எழுந்தபொழுது பிரபுக்கள் சபை நீதிபதிகளுள் அட்கின் பிரபு ஒருவரே கேட்கலாம் என்றார், ஏனையோர் மறுத்தனர். 1969இல் கரம் சிங் வழக்கில் நம் நாட்டு உயர்மன்றமும் அப்பெரும்பான்மையோர் வழியையே மேற்கொண்டது. 1987 அக்டோபரில் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிபட்டனர். அவருள் ஒருவரான கர்ப்பால் சிங்கை 1988 மார்ச் 9இல் ஈப்போ உயர்நீதிமன்றம் விடுவித்தது. அன்றே மீண்டும் பிடித்து அடைத்தனர். கிள்ளான் வாசகர்க்கு மற்றொன்று நினைவிருக்கும். 2007 டிசம்பரில் இண்ட்ராப் தலைவர் ஐவர் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவருள் ஒருவரான மனோகரன் 2008 மார்ச் தேர்தலில், முகாமில் இருந்தவாறே, கோத்தா ஆலம் ஷாவில் வென்றார். வாக்களித்தோர்க்குத் தம் உறுப்பினரைத் தொகுதியில் காண 2009 மே வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அச்சட்டம் 2012இல் நீங்கியது. அதனிடத்தில் பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டம், மக்கள் வழக்கில் சொஸ்மா, வந்தது. இது முன்னதினும் மேல் என்பதை ஒப்புக்கொள்ளல் நேர்மை; இருபத்தெட்டு நாளுக்குள் குற்றம் சாட்ட வேண்டும், இல்லையேல் விட வேண்டும். ஆனால் அதன் 13ஆம் பிரிவு, சிறார், பெண்டிர், நோயாளர் நீங்கலாக ஏனையோர்க்கு ஜாமீன் கூடாது என்றது. 30ஆம் பிரிவோ, குற்றமற்றவர் எனத் தீர்ப்பானவரையும் மேல்முறையீடு முடியுமட்டும் அடைத்து வைக்கலாம் என்று எழுதப்பட்டது. சாம்பசிவம் வழக்கைப் படித்தபின் இப்பிரிவைப் படிப்பவர்க்கு நெஞ்சு திடுக்கிடாதோ?

2019 அக்டோபரில், பத்தாண்டுக்கு முன்பே போரில் அழிந்துபோன விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புடையார் என்று தமிழர் பன்னிருவர் இச்சட்டத்தின்கீழ்ப் பிடிபட்டனர். இருவர் சட்டமன்ற உறுப்பினர். கைப்பேசியில் இருந்த படங்களும் குற்றமாக எண்ணப்பட்டன. நவம்பர் 29இல் உயர்நீதிமன்ற நீதிபதி முகமது நஸ்லான் கசாலி, ஜாமீனை மறுக்கும் 13ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரண் என்றார். 2020 பிப்ரவரி 21இல் சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ், தண்டனை கிட்டும் வாய்ப்பில்லை என்று கூறி வழக்குகளைக் கைவிட்டார். இடையில் சென்ற நான்கு திங்கட்கு எவர் ஈடு செய்தார்? இருபத்தெட்டு நாள் விதியை நீட்டிக்கும் தீர்மானம் 2022 மார்ச் 23இல் நாடாளுமன்றத்தில் 84க்கு 86 என்ற வாக்கில் தோற்றது. அவ்வாண்டு ஜூலையில் மீண்டும் வந்து நிறைவேறியது.

இனி, தேநீர்க்கடையில் நாம் வாய் திறவாத காரணம். நாம் கிள்ளான் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணி. சில ஆண்டுகட்கு முன் உரக்கிடங்கில் நாற்பது மூட்டை குறைந்தது. ஐயத்திற்குரியவர் பெயரை எழுதித் தருமாறு மேலிருந்து கட்டளை வந்தது. மூன்று பெயர் எழுதினோம். முதலாமவர், சம்பளக் கணக்கில் பிழை உண்டென்று நம் மேசைமுன் நின்று உரக்கப் பேசியவர். இரண்டாமவர் குடிப்பவர். மூன்றாமவர் முதலாமவரின் நண்பர். இவையே நம் சான்றுகள்! எழுதும்பொழுது நம் மனம் சிறிதும் உறுத்தவில்லை என்பதை வெட்கத்தோடு கூறுகிறோம். அவர்களைத் திருடர் என்று நாம் பொய் கூறினோமா? இல்லை, ஐயம் என்றுதானே கூறினோம் என்று உறங்கினோம். ஐயம் என்னும் சொல் எழுதுபவனுக்குத் தரும் ஆறுதல் அது.

மூவரும் பதினொரு நாள் வேலையினின்று நிறுத்தப்பட்டனர். செக்ரோலில் அவர்கள் பெயருக்கு நேரே கோடிட்டதும் நம் கைதான். திங்கள் முடிவில் கணக்கைப் பொருத்தியபோது உண்மை தெரிந்தது. லாரி ஒரு நடை வந்திருக்க, இரு நடை வந்ததாக ஒப்புச்சீட்டில் கையெழுத்திட்டவர் நாமே. மூட்டைகள் தோட்டத்திற்கு வரவேயில்லை. கணக்குத் திருத்தப்பட்டது, மூவரும் மறுநாள் வேலைக்கு வரலாம் என்று ஒருவரிக் கடிதம் சென்றது. பதினொரு நாள் கூலியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. பெரியவர் கூறிய நாலு பேரை எண்ணுகிறவன், அந்நால்வருள் ஒருவனாய் இருப்பதில்லை. நாமும் அன்று எண்ணுகிறவராயிருந்தோம். ஐயம் மழைபோல் எல்லார்மீதும் ஒக்கப் பெய்வதில்லை. முன்னரே எவனை நமக்குப் பிடிக்கவில்லையோ அவன் கூரையைத் தேடிச் சென்று விழுகிறது. ஒரு கிராணியின் ஐயம் இப்படியாயின், அமைச்சரின் ஐயம் வேறு தன்மையதாகும் என்று எதனைக் கொண்டு நம்புவது?

வேலைக்குத் திரும்பிய அன்று முதலாமவர் அலுவலகப் படியில் நின்று, “எங்க பேரைக் கொடுத்தது யாருங்க கிராணியாரே?” என்று கேட்டார். தெரியாது என்றோம். அவர் நம் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனார். அவர் இன்றும் அத்தோட்டத்திலேயே இருக்கிறார். பெரட்டுக் களத்தில் நாள்தோறும் அவர் பெயரை வாசிப்பவர் நாமே. வந்திருப்பதாகக் கை தூக்குகிறார், வேறொன்றும் பேசுவதில்லை.