விடாமல் கேட்ட விதவை



லூக்கா 18-ம் அதிகாரத்து விதவையை நம் ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி நினைவுகூருகிறோம். ஆனால் அவள் எதைக் கேட்டாள் என்பதைச் சீக்கிரமாய்க் கடந்துபோய்விடுகிறோம். அவள் சரீர சுகம் கேட்கவில்லை, பொருளாசீர்வாதமும் கேட்கவில்லை. நியாயம் கேட்டாள். அதுவும் யாரிடத்தில்? தெய்வபயமும் மனுஷரைப்பற்றிய கூச்சமும் இல்லாத ஒரு நியாயாதிபதியிடத்தில். கொடுக்கக் கையில் காசு இருந்திருந்தால் இத்தனை தரம் நடந்திருக்கமாட்டாள் என்பது என் எண்ணம்.

ஜெபத்தைப்பற்றிச் சொல்லவந்த இயேசு, மலையில் முழங்காலில் நிற்கிற ஒரு பரிசுத்தவானைக் காட்டவில்லை. அதிகாரியின் வாசலில் மனுவோடு நிற்கிற ஏழை ஸ்திரீயைக் காட்டினார். ஆகவே "ஜெபம் பண்ணும்மா, கோர்ட்டு ஆபீசெல்லாம் விசுவாசிக்கு எதுக்கு?" என்று சொல்லுகிறவர்கள் இந்த உவமையைத் திரும்ப வாசிக்கவேண்டும். சகோதரன்மேல் சகோதரன் வழக்குக்குப் போவதைப் பவுல் கண்டித்தார், உண்மைதான். ஆனால் தனக்கு அநியாயம் நேரிட இருந்தபோது அதே பவுல் இராயனுக்கு அபயமிட்டார்.

நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு தாலுகா ஆபீசுக்கு அலைகிற ஒரு தாயார் என்னிடம் கேட்டார்கள்: "ஐயா, கர்த்தருக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரிஞ்சதையே தினம் தினம் ஏன் சொல்லணும்? அவரும் அந்த ஆபீசர் மாதிரிதானா?"

வசனத்தைச் சொல்லி அந்தத் தாயாரின் வாயை அடைக்க எனக்கு மனமில்லை. கர்த்தர் அந்த அதிகாரியைப்போல அல்ல. அதைச் சொல்லத்தான் உவமையே சொல்லப்பட்டது. தினமும் கேட்பது அவருக்கு ஞாபகப்படுத்துவதற்காக அல்ல. கேட்பதை நிறுத்துகிற நாளிலே, "எல்லாம் தலையெழுத்து" என்று நாம் அநியாயத்தோடு சமாதானம் பண்ணிக்கொள்ளுகிறோம். விடாமல் ஜெபிக்கிறவன் அதற்குச் சம்மதிக்கமாட்டான். எதிராளி எதிர்பார்ப்பது நம்முடைய சம்மதத்தைத்தானே!

கிழக்கு ஜெர்மனியிலே கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்தபோது, லைப்சிக் பட்டணத்து நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் மாலை 5 மணிக்குச் சமாதானத்துக்காக ஜெபித்தார்கள். சில வாரங்களில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆட்கள். (அவர்கள் அந்நியபாஷை பேசினவர்களல்ல, லுத்தரன் சபையார். கர்த்தர் அதைப் பார்க்கவில்லை.) 1989 அக்டோபர் 9 அன்று பட்டணமெங்கும் போலீஸ். ஆலயத்தை நிரப்பக் கட்சிக்காரர்களை நூற்றுக்கணக்கில் அனுப்பினார்கள். அவர்களும் உட்கார்ந்து சுவிசேஷத்தைக் கேட்கவேண்டியதாயிற்று! ஜெபம் முடிந்து வெளியே வந்தால், தெருக்களில் சுமார் 70,000 பேர். பலர் கையில் மெழுகுவர்த்தி. ஒரு கையில் பிடித்து மறு கையால் காற்றை மறைக்கிறவனுக்குக் கல்லெடுக்கக் கை ஏது? ஒரு குண்டும் சுடப்படவில்லை. சரியாய் ஒரு மாதத்தில், நவம்பர் 9-ல், பெர்லின் சுவர் திறந்தது.

அவர்களுக்கு ஏழு வருஷம். எல்லாருக்கும் அப்படி என்று நான் சொல்லமாட்டேன். நியாயத்தைக் காணாமலே கண்மூடின பரிசுத்தவான்கள் நம்மிடத்திலும் உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 6-ம் அதிகாரத்தைப் பாருங்கள். இரத்தசாட்சிகள் பரலோகத்திலே பலிபீடத்தின்கீழ் இருந்துகொண்டும், இன்னும் எவ்வளவு காலம் என்று சத்தமாய்க் கேட்கிறார்கள். பரலோகம் போனபின்னும் அவர்கள் கேட்பதை விடவில்லை! அவர்களை ஒருவரும் கடிந்துகொள்ளவுமில்லை. வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக்காலம் பொறுத்திருக்கும்படி சொல்லப்பட்டது.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு, வழக்கு உள்ளவர்கள் தங்கள் காகிதங்களையும் கொண்டுவாருங்கள். அவைகளைச் சமுகத்தில் வைத்து ஜெபிப்போம். முடிந்தபிறகு, மனு எழுதத் தெரிந்த சகோதரர்கள் கொஞ்சநேரம் இருந்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.