அடக்கி வளர்த்தலும் அறிவுறுத்தி வளர்த்தலும்

பிள்ளை கல்வியில் மேம்படவேண்டும். பிறர் துயர் கண்டு இரங்கும் நெஞ்சினனாகவும் வளரவேண்டும். பெற்றோர் அனைவரும் இவ்விரண்டையும் விழைகின்றனர். ஆயின், கண்டிப்பே கல்வியைத் தரும், செல்லமே அன்பைத் தரும் என்று இவற்றை இருவேறு வழிகளாகப் பிரித்து எண்ணுவது உலக வழக்கு. இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது?

கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரில் டயானா பாம்ரிண்ட் என்னும் மனோதத்துவ அறிஞர், மழலைப் பள்ளிச் சிறாரையும் அவர்தம் பெற்றோரையும் கூர்ந்து நோக்கி, 1966, 1967ஆம் ஆண்டுகளில் தம் கருத்துகளை வெளியிட்டார். ஆணையிட்டு அடக்குவோர், விருப்பம்போல் விட்டுவிடுவோர், வரம்பு வகுத்து அதன் காரணத்தையும் எடுத்துரைப்போர் எனப் பெற்றோரை அவர் மூவகையாகக் கண்டார். மூன்றாம் வகையினரின் பிள்ளைகளே தன்னம்பிக்கையும் தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் மிக்கோராய் விளங்கினர். கண்டிப்பு இவர்களிடமும் உண்டு என்பதை மறத்தலாகாது. பிள்ளையின் சொல்லுக்குச் செவிசாய்த்தலும் உடன் இருந்தது.

காரணம் கூறுதலுக்கு இத்துணை ஆற்றல் ஏன்? மார்ட்டின் ஹாஃப்மன் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்தார். அவர் கருத்தை இவ்வாறு விளக்கலாம். தம்பியின் பொம்மையைப் பிடுங்கிய சிறுவனை அடித்தால், அவன் மனம் தன் முதுகின் வலியையும் அடித்த கையையுமே நினைக்கும். தம்பியை நினைக்க அங்கே இடமேது? "பார், நீ பிடுங்கியதால் அவன் அழுகின்றான்" என்று கூறினாலோ, அவன் பார்வை தம்பியின்பால் திரும்புகின்றது. இரக்கம் துளிர்ப்பது அப்பார்வையிலேதான்.

படிப்பைப் பற்றியும் சான்று உண்டு. ஸான்பிரான்ஸிஸ்கோ வட்டாரத்து உயர்நிலைப் பள்ளி மாணவர் 7,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டு 1987இல் வெளியான ஆய்வில், அடக்குமுறை, கட்டற்ற செல்லம் ஆகிய இரண்டுமே குறைந்த மதிப்பெண்களோடு தொடர்புற்றிருந்தன. மதிப்பெண் குறைந்த பிள்ளையே பெற்றோரைக் கடுமையாக்குவதும் உண்டாதலின், பழி முழுவதையும் பெற்றோர்மேல் சுமத்துதல் நியாயமன்று. மேலும், ஆசிய வழியினரிடம் இக்கணக்கு நன்கு பொருந்தவில்லை. சீனத் தாயரின் கண்டிப்பு, அருகிருந்து பயிற்றும் பரிவினின்றும் பிரிக்கவொண்ணாதது. அதனை வெறும் அடக்குமுறை எனல் பொருந்தாது என்று ரூத் சாவ் 1994இல் எடுத்துக்காட்டினார்.

பரிவற்ற கண்டிப்புக்கு ஹிரண்யகசிபு ஒருவனே போதும். மைந்தனை மடியிலிருத்தி, ஆசிரியர்பால் கற்றது யாதென வினவினான். விடை உவப்பாக இல்லையெனவே மடியினின்றும் கீழே தள்ளினான். தன் எண்ணத்தைத் திருப்பிச் சொல்லும் வரையிலேயே நிலைத்த அன்பு அது. ஆயினும், வரம் வேண்டுக எனப் பின்னர்ப் பணிக்கப்பெற்ற பிரகலாதன், அத்தந்தையின் பாவம் தீரவேண்டும் என்றே இரந்தான். கொடுமையின்கீழ் வளர்ந்த பாலகனுக்கு இக்கருணை எங்கிருந்து வந்தது? கருவுற்றிருந்த கயாதுவை நாரதர் தம் ஆசிரமத்தில் வைத்துக் காத்தார் என்றும், அவளுக்கு அவர் உரைத்த தர்மத்தையும் ஞானத்தையும் பிள்ளை கருவிலிருந்தே கேட்டான் என்றும் பாகவதம் கூறுகின்றது.