தோற்பவன் பணத்தில் கமிஷன்

பொம்மசந்திராவில் ஷிஃப்ட் முடிந்து ஓசூர் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பையனின் வாட்ஸ்அப்பில் லிங்க் ஒன்று வந்து விழுகிறது. கூடவே ஒரு ரெஃபரல் கோட். அதைப் போட்டுச் சேர்ந்தால் போனஸ். அனுப்பியவன் யாரோ அல்ல, அதே கம்பெனியில் பக்கத்து லைனில் நிற்பவன். எந்த லிங்க் வழியாக யார் வந்தார் என்பது சூதாட்டத் தளத்தின் கணக்கில் ஏறிவிடும். ஆள் பிடித்துக் கொடுத்தவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரே தடவையாகத் தருவது ஒரு வகை. சேர்ந்தவர் ஆடுகிற வரைக்கும், அவர் தோற்கிற பணத்தில் சதவீதம் தருவது இன்னொரு வகை.

இந்த இரண்டாவது வகைதான் மனத்தை உறுத்துகிறது. கேரள லாட்டரியில் பரிசு விழுந்தால், டிக்கெட் விற்ற ஏஜென்டுக்கும் கமிஷன் உண்டு. அதைச் சுத்தமான வியாபாரம் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் வாங்கியவன் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்க விற்றவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே நண்பன் ஜெயித்தால் லிங்க் அனுப்பியவனுக்கு நஷ்டம். ஏலச்சீட்டுக்கு ஆள் சேர்த்துவிட்டவர், சீட்டு முறிந்தால் ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். லிங்க் அனுப்பியவனோ தனக்குப் பணம் வருவதையே சொல்வதில்லை.

'கையைப் பிடித்தா ஆட வைத்தேன்?' என்பது வழக்கமான பதில். வயது வந்தவரின் விருப்பம் என்பது லேசான வாதம் அல்ல. ஆனால் விருப்பத்துக்கு விவரம் வேண்டும். 'நீ தோற்றால் எனக்கு இத்தனை சதவீதம்' என்று லிங்குக்கு மேலே ஒரு வரி எழுதி அனுப்ப யாருக்காவது துணிவு வருமா?

தொழில் தெரிந்தவர்கள் எந்த மாநிலத்தில் எது செல்லும் என்று பார்த்தே ஆள் பிடித்தார்கள். கர்நாடகம் 2021 அக்டோபரில் கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் ரத்து செய்தது. தமிழ்நாட்டின் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் வந்தது. அதிலிருந்து ரம்மியையும் போக்கரையும் சென்னை உயர் நீதிமன்றம் நவம்பரில் விலக்கியது. இடைப்பட்ட மாதங்களில், கர்நாடகப் பக்கம் பொம்மசந்திராவில் பஸ் ஏறும்போது குற்றமில்லாத ரம்மி, அத்திப்பள்ளி தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்ததும் குற்றம். எல்லைக்கு எந்தப் பக்கம் தோற்றாலும் வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணம் போனது போனதுதான். மாட்டிக்கொள்வோமா என்ற கேள்வி, நண்பன் என்ன ஆவான் என்ற கேள்வியை விழுங்கிவிடுகிறது.

2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. பணம் வைத்து ஆடும் விளையாட்டை விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பழி யார் மேல் என்பதை அது சரியாகவே பிரித்திருக்கிறது. ஆனால் தளத்தை நடத்துபவர் எங்கோ கடல் கடந்து இருக்க, போலீஸ் கைக்கு எட்டுபவன் லிங்க் அனுப்பிய இந்தப் பையன்தான். பெரும்பாலும் அவனும் தோற்றவனாக, விட்டதைப் பிடிக்கத்தான் இதில் இறங்கியவனாக இருப்பான். தண்டனையைக் குறைக்க அது காரணமாகலாம். செய்ததை அது சரியாக்கிவிடாது. மாதப் பிறப்பில் 'இன்று பணம் போட்டால் இரட்டை போனஸ்' என்று அவன் மறுபடி அனுப்புகிறான். நண்பனுக்குச் சம்பளம் ஏறுகிற நாள் அவனுக்குத் தெரியும். இருவருக்கும் ஒரே நாளில்தான் ஏறுகிறது.