வெல்லத் தெரிந்தவரா, சொல்லத் துணிந்தவரா?

பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், கோவலன் வெட்டுண்டான். சிலப்பதிகாரக் கதை நாம் அறிந்ததே. கண்ணகி கையில் சிலம்போடு வந்து நின்றபின் தன் பிழை உணர்ந்து உயிர் துறந்த மன்னனைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை. காவலரை ஏவிய அந்த நொடியில், "மன்னா, சற்றே பொறுத்தருள்க! விசாரித்துவிட்டுத் தண்டிப்போம்" என்று சொல்ல ஒருவர் அருகில் இருந்திருப்பாரேல் என்ன நடந்திருக்கும்? கோவலனும் பிழைத்திருப்பான், கொற்றவனும் பிழைத்திருப்பான், மதுரையும் எரியாதிருந்திருக்கும் அன்றோ?

அந்த ஒருவருக்கு இன்றைய அரசுகளில் ஓர் இருக்கை உண்டு, ஊதியம் உண்டு, பதவிப் பெயரும் உண்டு. அவரே அரசு வழக்கறிஞர். அவர்களுள்ளும், வேலையில் காட்டப்படும் பாகுபாட்டைப் பற்றிய சட்டத்தில் தேர்ந்த மூத்த வழக்கறிஞரை அரசு எந்த அளவுகோல் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே நம் முன் உள்ள கேள்வி. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு நாற்காலியை நிரப்பும் செய்திதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். நிறத்தின் பேரால், பிறப்பின் பேரால், பெண் என்பதன் பேரால் பிழைப்பை இழந்தவரின் கண்ணீருக்கு அரசு என்ன விடை தரும் என்பது அந்த நாற்காலியில் அமர்பவரைப் பொறுத்தது.

இந்தச் சட்டத்துறை தழைத்து வளர்ந்த நாடு அமெரிக்கா. இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரால் வேலையில் வேற்றுமை காட்டலாகாது என்ற குடியுரிமைச் சட்டம் அங்கே 1964ஆம் ஆண்டு பிறந்தது. 1965ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சமவேலைவாய்ப்பு ஆணையமும் அன்றே பணியைத் தொடங்கியது. தொடக்கத்தில் அதற்கு வழக்குத் தொடுக்கும் உரிமை கிடையாது. பேசிப் பார்க்கலாம், சமரசம் செய்து வைக்கலாம், அவ்வளவே. 1972ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் ஆணையத்துக்கு வழக்காடும் உரிமை தந்தது. மாநில அரசுகள், நகராட்சிகள், நடுவண் அரசின் துறைகள் ஆகியவற்றையும் அதே திருத்தம் இந்தச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டு வந்தது.

விளைவு யாது? தனியார் முதலாளி பாகுபாடு காட்டினால் வழக்குத் தொடுப்பது அரசு. அரசு அலுவலகமே பாகுபாடு காட்டினால் குற்றவாளிக் கூண்டில் நிற்பதும் அரசு! காலையில் வழக்குரைப்போன், மாலையில் வழக்குக்குள்ளானோன். இந்த இரண்டு அங்கிகளையும் ஒரே உடலில் அணிந்து நிற்கும் அரசுக்கு வழக்கறிஞர் தேடும்போது விளம்பரம் என்ன கேட்கிறது? இத்தனை ஆண்டு அனுபவம், இன்ன பட்டம், இத்தனை வழக்குகளை நடத்திய பயிற்சி. தேவைதான், மறுப்பாரில்லை. சட்டம் தெரியாத நல்லவர் நீந்தத் தெரியாத தோணிக்காரரை ஒப்பர். ஆனால் அவை மட்டும் போதுமா?

1942ஆம் ஆண்டுக்குச் செல்வோம். சப்பானுடன் போர் மூண்டிருந்த நேரம். கலிபோர்னியா மாநில அரசில் தட்டச்சுப் பணி செய்துவந்த இளம்பெண் மிட்சுயே எண்டோ. அமெரிக்க மண்ணில் பிறந்தவர், அமெரிக்கக் குடிமகள். அவர் செய்த குற்றம், சப்பானிய வம்சத்தில் பிறந்தது ஒன்றே. அந்த வம்சத்து ஊழியர்களை மாநில அரசு பணியிலிருந்து விலக்கியது. அடுத்து நடுவண் அரசு அவர்களை முள்வேலி முகாமில் அடைத்தது. எண்டோ வழக்குத் தொடுத்தார். "மேற்குக் கடற்கரைக்குத் திரும்புவதில்லை என ஒப்புக்கொள், உன்னை விடுவிக்கிறோம்" என்று அரசுத் தரப்பு பேரம் பேசியது. ஒப்பியிருந்தால் வழக்கும் அன்றே முடிந்திருக்கும். அவரோ மறுத்து முகாமிலேயே இருந்தார். 1944ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், நாட்டுப் பற்றுள்ளவர் என்று அரசே ஒப்புக்கொண்ட குடிமகளை அடைத்து வைக்க உரிமையில்லை என உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

அவரது வேலையைப் பறித்த அதே இனவெறி, அரசு வழக்கறிஞர்களுக்கும் ஒரு சோதனை வைத்தது. சப்பானிய வம்சத்தார்க்கு விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்த கார்டன் ஹிரபயாஷியின் வழக்கு 1943ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் சென்றது. அந்த மக்களுள் மிகச் சிலரே ஐயத்துக்குரியோர், அவர்களைத் தனித்தனியே விசாரித்தறிய முடியும் என்ற கருத்துடன் கடற்படை உளவுப் பிரிவின் அறிக்கை ஒன்று அரசின் கையிலேயே இருந்தது. அதை மறைப்பது சான்றை ஒளிப்பதற்கு ஒப்பாகலாம் என்று நீதித்துறை வழக்கறிஞர் எட்வர்ட் என்னிஸ் தம் மேலவரை எச்சரித்தார். அரசின் தலைமை வாதியான சார்லஸ் ஃபாஹியோ அந்த அறிக்கையை நீதிபதிகளுக்குக் காட்டவில்லை. அரசு வென்றது!

அது வெற்றிதானா? 1980களில் அந்தப் பழைய தண்டனைகளை நீதிமன்றங்கள் துடைத்தெறிந்தன. 2011ஆம் ஆண்டு மே மாதம், அதே பதவியைத் தற்காலிகமாக வகித்த நீல் கட்யால், இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன், "எம் பதவியில் இருந்தவர் அன்று தவறிழைத்தார்" என்ற பொருள்பட வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வென்றவரின் பெயர் வடுவாக நிற்கிறது. எச்சரித்தவரின் குறிப்போ அரசின் மானம் காத்த ஏடாக நிற்கிறது. இருவரும் சட்டம் கற்றவர்தாம். படிப்பில் இல்லாத வேறுபாடு துணிவில் இருந்தது.

இனி அளவுகோலுக்கு வருவோம். "தகுதி! திறமை!" நம் செவிகள் நன்கு பழகிய முழக்கம் இது. உள்ளே வராதே என்று வெளிப்படையாகச் சொல்ல வெட்கப்படும் காலத்தில், வாசலில் தொங்கவிடப்படும் பலகை அது. அமெரிக்காவிலும் தொங்கவிட்டனர். வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் நிறுவனத்தின் மின்நிலையம் ஒன்றில், கறுப்பின மக்களுக்குக் கூலிப் பிரிவு ஒன்றே கதி. அங்கே மிகுதியாக ஊதியம் பெற்றவரும், பிற பிரிவுகளில் மிகக் குறைவாகப் பெற்ற வெள்ளையரைவிடத் தாழ்ந்த ஊதியமே பெற்றார். பாகுபாடு கூடாதெனச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1965 ஜூலை 2ஆம் நாள், கூலிப் பிரிவு தவிர்த்த பிரிவுகளில் புதிதாகச் சேர விரும்புவோர் பள்ளிச் சான்றிதழுடன் இரண்டு பொதுத் தேர்வுகளிலும் தேற வேண்டும் என்று நிறுவனம் விதித்தது. என்னே பொருத்தம்! சட்டம் கதவைத் திறந்த நாளில் தேர்வு தாழ்ப்பாளாயிற்று.

வில்லி கிரிக்ஸும் தோழர்களும் தொடுத்த வழக்கில் 1971ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அந்தத் தாழ்ப்பாளை உடைத்தது. சான்றிதழும் தேர்வும் இன்றி முன்பே சேர்ந்தவர்கள் அந்த வேலைகளை நன்றாகவே செய்து வந்தனர் என்பதை அது சுட்டிக்காட்டியது. அளவுகோல் வேலையை அளக்க வேண்டும். வேலைக்குத் தொடர்பில்லாத தேர்வு ஒரு கூட்டத்தாரை வெளியே நிறுத்துமானால், நோக்கம் எதுவாயினும் அது பாகுபாடே. இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

இந்தச் சாரம் கடல் கடந்து இங்கும் வந்தது. இந்தியத் தரைப்படையில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தரவேண்டும் என்று 2010ஆம் ஆண்டு தில்லி உயர்நீதிமன்றம் சொல்லிற்று. ஒன்றிய அரசு மேல்முறையீடு செய்தது. பெண்களின் உடலமைப்பையும், குடும்பப் பொறுப்பையும், ஊர்ப்புறத்திலிருந்து வந்த படைவீரர் பெண்ணின் ஆணையை ஏற்க மாட்டார் என்பதையும் வாதமாகவே உச்சநீதிமன்றத்தில் வைத்தது! மனுவின் வாடை வீசும் அந்த வாதங்களை 2020ஆம் ஆண்டு நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. பின்னர் நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுத்த முறையிலேயே பாகுபாடு மறைந்திருப்பதை 2021ஆம் ஆண்டு மற்றொரு தீர்ப்பில் எடுத்துக்காட்டியபோது, கிரிக்ஸ் வழக்கின் கருத்தை அது எடுத்தாண்டது. 2010க்கும் 2020க்கும் இடையே பத்தாண்டுகள்! மேல்முறையீட்டுக் கோப்பு மேசைக்கு வந்த அன்றே, "இந்த வாதத்தை அரசின் வாயால் சொல்ல வேண்டாம்" என்ற ஒரு குரல் வென்றிருந்தால், அந்தப் பத்தாண்டு வீணாகியிருக்குமா?

ஆகவே, கிரிக்ஸ் தீர்ப்பின் அளவுகோலை இந்த நாற்காலிக்கே பொருத்திப் பார்ப்போம். அரசு வழக்கறிஞரின் வேலை யாது? எப்படியேனும் வெல்வதா? தனியார் வழக்கறிஞருக்கு அது பொருந்தலாம். அரசுக்கோ எதிரே நிற்பவரும் தன் குடிமகனே. தான் செலவிடும் பணமும் அவர் தந்த வரியே. அவருக்கு நீதி கிடைத்தால் அரசு தோற்றதாகாது. எனில், வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்து ஆளெடுப்பதும் வேலையை அளக்காத அளவுகோல்தான்!

"கட்சிக்காரனைக் காப்பதன்றோ வழக்கறிஞர் கடமை? அரசுக்கு எதிரான புகாரெல்லாம் உண்மையா?" என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. பொய்ப் புகாரும் உண்டு. வீண்பழி சுமக்கும் அதிகாரியும் உண்டு. அவருக்காக வலிமையாக வாதாடத்தான் வேண்டும். அதற்குத்தான் சட்டப் புலமை. ஆனால் கோப்பைப் புரட்டியதும் குற்றம் உண்மை என்று தெரிந்தால்? அப்போது காப்பதற்குரிய வழி, மேலதிகாரியிடம் சென்று, "நாம் தவறிழைத்தோம், திருத்துவோம்" என்று சொல்வதே. நோயை மறைக்கும் மருத்துவர் நோயாளியின் நண்பரல்லர்.

எனவே தேர்வுக் குழுவினர் பட்டத்தையும் ஆண்டுகளையும் பார்த்தபின் இன்னொன்றும் கேட்கட்டும்: "உம்மை அமர்த்தியவரிடமே, 'உங்கள் பக்கம் நியாயமில்லை' என்று எப்போதேனும் சொன்னதுண்டா? சொன்னபின் நடந்தது என்ன?" கேட்கும் குழுவிலும், அமர்த்தப்படுவோரிலும், கதவுக்கு வெளியே நின்று பழகிய மக்களுக்கு இடம் இருக்கட்டும். வலியை அறிந்ததே புலமையாகிவிடாது. ஆயினும், தாழ்ப்பாள் எங்கிருக்கிறது என்பதை வெளியே நின்றவர் விரைந்து காண்பார். அனைத்துக்கும் மேலாக, உண்மை சொன்னவரைத் தண்டிக்காத பாதுகாப்பு வேண்டும். துணிந்தவரைத் தேடி அமர்த்திவிட்டுத் துணிந்த அன்றே தூக்கியெறிந்தால், எஞ்சுவோர் தலையாட்டிகளே.

இது பழங்கதையன்று. கிரிக்ஸ் தீர்ப்பின் கோட்பாட்டை அமெரிக்கக் காங்கிரசு 1991ஆம் ஆண்டு சட்ட வாசகமாகவே எழுதியது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அந்த வழியில் நடவடிக்கை எடுப்பதை அரசுத் துறைகள் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று குடியரசுத் தலைவர் ஆணையிட்டார். அந்த ஆணையின் தலைப்பிலேயே ஒளிர்ந்த சொல் எது தெரியுமா? தகுதி! சட்டம் ஒருபுறம், ஆணை மறுபுறம். நடுவே அந்த நாற்காலி.

சட்டம் பயிலும் இளைஞனே, நங்கையே! அரசு வேலை அடிமை வேலை என்று அந்த நாற்காலியை வெறுத்து ஒதுக்காதே. நீ ஒதுங்கினால் அங்கே தலையாட்டி வந்து அமர்வான். சட்டத்தைக் கசடறக் கல், வெல்லவும் கற்றுக்கொள். ஆனால் அமரும் நாளில் பாண்டியனை நினைத்துக்கொள். கண்ணகி வாயிலுக்கு வந்தபின் உண்மையை உணர மன்னனாலேயே முடிந்தது. அவள் வருமுன் சொல்வதற்கே நீ அமர்த்தப்பட்டாய்.